மழை மாதத்தில் முனி தட்டுவதில்லை

நடந்தவை, வரிசையாக:

1. ஜூன் மாதம் எங்கள் தாமான் குடியிருப்பின் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்ற பெரிய ரப்பர்ப் பால்மரத்தின் கிளை ஒன்று முறிந்து, ஓரத்து வீட்டில் வாடகைக்கு இருக்கும் அக்காவின் கார்க் கண்ணாடியில் விழுந்தது.
2. அக்கா நகராண்மைக் கழகத்தில் புகார் கொடுத்தார். லாரியில் ஆட்கள் வந்து ஒரே காலையில் மரத்தை அடியோடு வெட்டிவிட்டுப் போனார்கள்.
3. மரத்தடியில் சூலமாக நின்ற முனியாண்டியைக் கோயிலுக்குள் மாற்றினார்கள்.
4. அந்த வாரமே, விளக்கு வைக்கும் நேரத்தில், அக்கா வீட்டுப் பின்கட்டுக் கூரை தட்டத் தொடங்கியது. டக். டக் டக். பக்கத்து இரண்டு வீடுகளிலும் அதே சத்தம்.
5. முனி கோபமாக இருக்கிறார் என்று கோயில் தலைவர் அறிவித்தார்.
6. அக்காவைக் காலி செய்ய வைக்கும்படி வீட்டுக்காரரிடம் சொல்லப்பட்டது. அக்காவின் மகள் அந்த ஆண்டு இறுதியில் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுத வேண்டியவள்.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் யாராவது ஓர் ஏணியை வைத்து மேலே பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ஏணி தலைவர் வீட்டிலேயே இருந்தது.

எங்கள் தாமான் முன்பு தோட்டமாக இருந்த இடம். ஈப்போவுக்கு வெளியே, சுண்ணாம்புக் குன்றுகள் தெரியும் தூரத்தில். ரப்பரை அழித்து வீடு கட்டியபோது ஒரே ஒரு மரத்தை முனிக்காக விட்டுவைத்தார்கள். வீடுகளுக்கு ஓட்டுக் கூரைதான். ஆனால் இங்கே யாரும் வாங்கிய வீட்டை வாங்கியபடி விட்டதில்லை. பின்பக்கம் நீட்டி அடுக்களை கட்டி, மேலே தகரம் போட்டுவிடுவார்கள். அக்கா இருக்கும் வீடு, அடுத்த வீடு, அதற்கடுத்த தலைவர் வீடு, மூன்றுக்கும் தகரம் போட்டவர் ஒரே ஆள். மூன்றும் அந்த மரத்தின் நிழலில் இருந்தன.

மற்ற வரிசைகளிலும் தகரம் உண்டு. அவையும் தட்டும். கட்டிய நாளிலிருந்தே தட்டுவதால் அதை யாரும் சாமி என்று நினைத்ததில்லை. காலம் தாழ்ந்து தட்டத் தொடங்கும் தகரத்துக்குத்தான் தெய்வாம்சம்.

நான் கட்டடங்களின் குளிரூட்டும் அமைப்புகளைப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். வாரத்தில் பாதி நாள் பேராக் மாநிலம் முழுவதும் அலைவேன். கிடங்குகளிலும் கூரைகளுக்கு அடியிலும் வெப்பப் பதிவுக் கருவியை ஒட்டிவிட்டு, பிறகு போய்க் கழற்றி வந்து கோட்டுப்படத்தைப் பார்ப்பது என் தொழில். போகுமிடமெல்லாம் ஒரே வாக்கியத்தைக் கேட்கிறேன்: "நம்ம நாட்டுல வருஷம் முழுக்க ஒரே சூடுதான் லா." சொல்பவர் பெரும்பாலும் ஏர்கான் காரிலிருந்து இறங்கி ஏர்கான் அறைக்குள் நுழைந்தவராக இருப்பார். ஜனவரிக்கும் ஜூலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லைதான். மதியம் மூன்று மணிக்கும் விடியற்காலைக்கும் இருக்கிறதே, அதை இவர்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. அந்த வித்தியாசமும் எங்கும் எப்போதும் ஒன்றல்ல. பாகான் செராயில் வயல்களில் தண்ணீர் நிற்கும், கடலும் பக்கம்; அங்கே கோடு அதிகம் ஏறாது, அதிகம் இறங்காது. சிலிம் ரிவர் உள்நாடு. வானம் தெளிந்திருந்தால் பகலில் வறுக்கும், விடிவதற்குள் போர்வை தேட வைக்கும். ஈப்போவில் பிப்ரவரி மாதக் கோடு மலைத்தொடர் போல் இருக்கும். நவம்பரில் பகல் முழுக்க மேகம் மூடிக்கொள்ள, அதே கோடு படுத்துக்கொள்ளும்.

அக்கா வீட்டுத் தகரத்தின் அடியிலும் ஒரு கருவியை ஒட்டினேன். மதியம் கை வைக்க முடியாத சூடு. சூரியன் இறங்கியதும் கோடு செங்குத்தாக விழுந்தது. விழும் நேரமும் முனி தட்டும் நேரமும் ஒன்றே. கோட்டுப்படத்தை அச்செடுத்துக்கொண்டு தலைவரைப் பார்க்கப் போனேன். படித்தவர்கள் செய்யும் வீண்வேலைகளில் அதுவும் ஒன்று.

"அண்ணே, அது தகரம். வெயில்ல நீளுது, சாயங்காலம் ஆறுனா சுருங்குது. திருகாணி புடிச்சிருக்கிற எடத்துல இழுத்துக்கிட்டு நின்னு, டக்குனு விடுது. அவ்வளவுதான்."

தலைவர் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "பாப்பா, இருபது வருஷமா அதே தகரம்தான் மேல கிடக்கு. அப்பல்லாம் ஏன் சுருங்கல?"

"அப்ப மரம் நிழல் குடுத்துச்சு."

"அதத்தானே நானும் சொல்றேன்! மரம் இருந்தப்ப முனி மரத்துல இருந்தாரு. மரம் போச்சு, கூரைல வந்து ஒக்காந்துட்டாரு." பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "ஏர்கான் ரிப்பேர் பாக்குற புள்ள முனிக்கே கேஸ் ஏத்தப் பாக்குது."

மரத்தை வெட்டியதால்தான் சத்தம் வந்தது என்பதில் அவர் சொன்னது சரி. அதுதான் எனக்கு அதிக எரிச்சல். முழு மடத்தனத்தோடு சண்டை போடலாம்; பாதி சரியாக இருக்கும் மடத்தனத்தோடு முடியாது.

அக்காவும் நானும் வீட்டுக்காரரைப் பார்க்க ஈப்போ நகருக்குப் போனோம். செட்டிநாட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்யும் குடும்பம். அவருடைய ஏர்கான் அறையில் எனக்கு விரல்கள் விறைத்தன. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது சயின்ஸ் மா, நான் ஒத்துக்கிறேன். ஆனா ஊரோட பகைச்சுக்க முடியாதுல்ல? கூரைக்கு அடியில வெப்பம் தடுக்குற விரிப்பு போட்டுத் தர்றேன், சூடும் சத்தமும் கொறையும், தலைவர் சரின்னு சொன்னா. இல்லேன்னா தீபாவளி முடியட்டும். அப்பவும் சத்தம் வந்தா, இவங்க வேற வீடு பாத்துக்கட்டும்."

அறிவியலை ஒத்துக்கொண்டு தலைவரிடம் அனுமதி கேட்கும் இந்த வகை ஆட்களைவிடத் தலைவரே மேல். தலைவர் எதையும் ஒத்துக்கொள்வதில்லை.

திரும்பும் வழியில் சிம்பாங் பூலாய் சந்திப்பில் சிக்னலுக்கு நின்றபோது அக்கா சொன்னார்: "எனக்கு பயமெல்லாம் இல்லம்மா. ஏழரைக்கு டான்னு தட்டுது, என் பொண்ணு அதக் கேட்டுட்டுதான் புக்க எடுக்குறா. பெல்லு மாதிரி லா. இப்ப வீடு மாறுனா ஸ்கூலும் தூரமாயிரும், அவ படிப்பு போச்சு. அது ஒண்ணுதான்."

தீபாவளி முடியும் வரை. அன்று இரவு சாப்பிடும்போதுதான் எனக்கு உறைத்தது: தீபாவளி ஐப்பசியில் வருகிறது. ஐப்பசியில் என்ன நடக்கும் என்று என்னிடம் கோட்டுப்படமே இருக்கிறது.

மறுநாள் மறுபடி தலைவரிடம் போனேன். இந்த முறை கையில் காகிதம் இல்லை. அவர் ஆடியிலேயே முனிக்குச் சாந்தி பூசை போட நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஆடியில கோயில்ல கூழு, தீமிதின்னு ஆயிரம் வேலை. கூட்டத்தோட கூட்டமா முனிக்கும் போட்டா எடுபடுமா? ஐப்பசியில தனியா, பெருசா போடுங்க. நீங்க முன்னால நிக்கணும்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீ பூசைய நம்புறியா?"

"நான் ஐப்பசிய நம்புறேன்ணே."

அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார். பூசை தள்ளிப் போனது.

பூசையன்று காலையிலிருந்தே தூறல். நீலத் தார்ப்பாயின் கீழ் முனிக்குச் சேவலும் சுருட்டும் கறுப்பு பீரும் வைத்தார்கள். சுருட்டு நனைந்து பற்றவில்லை. விளக்கு வைக்கும் நேரம் வந்தது. எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். பகல் முழுக்க வெயில் படாத தகரம் எதற்காகச் சுருங்க வேண்டும்? ஒரு சத்தமும் இல்லை. தலைவர் இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். தாமானின் வாட்ஸ்அப் குழுவில் கும்பிடும் கைகளாக நிறைந்தன. என் அம்மாவும் ஒன்று போட்டிருந்தார்.

தீபாவளி முடிந்தது. டிசம்பர் வரை வானம் மூடியே கிடந்தது. எப்போதாவது பளீரென்று வெயில் அடித்த நாளில் ஒன்றிரண்டு டக் கேட்டது. முனி விடைபெறுகிறார் என்றார்கள். அக்காவின் மகள் பரீட்சை எழுதி முடித்தாள்.

பிப்ரவரியில் வானம் தெளிந்தது. கூரை முன்னைவிடப் பலமாகத் தட்டியது.

வெள்ளிக்கிழமை கோயிலில் எல்லாரும் தலைவரின் முகத்தைப் பார்த்தார்கள். தான் முன்னால் நின்று நடத்திய பூசை பலிக்கவில்லை என்று அவர் சொல்லவேண்டும். அல்லது தகரம் என்று சொல்லவேண்டும். இரண்டுமே அவரால் முடியாது. பொங்கலை ஒரு வாய் மென்றுவிட்டுச் சொன்னார்: "இது கோவம் இல்ல. முனி சாந்தமாகிக் காவல் சுத்துறாரு. நம்ம தாமானுக்கு நல்லது."

"எப்படிண்ணே தெரியும்?" என்று ஒருவர் கேட்டார்.

"கோவத்துல தட்டுனா டக் டக். இது டொக் டொக். கேட்டா தெரியல?"

கேட்டவர் தலையாட்டினார். எல்லாரும் தலையாட்டினார்கள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு செருப்புத் தேடுவதுபோல் வெளியே போனார்.

முனியே சாந்தமான பிறகு தலைவர் மறுக்கமாட்டார் என்று நினைத்து, அடுத்த வாரம் வீட்டுக்காரர் முன்பு சொன்ன விரிப்பை அனுப்பினார், போடுவதற்கு ஆளோடு. தலைவர் வாசலிலேயே மறித்துவிட்டார். "சாமி நடமாடுற கூரை. யாரும் கைய வைக்கக் கூடாது." வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். ஊரோடு பகைத்துக்கொள்ள முடியாது என்றார்.

இப்போதைய நிலை இது. அக்காவின் வாடகை ஒப்பந்தம் இன்னும் ஓராண்டுக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது. காலி செய்யும் பேச்சு இல்லை. மகள் தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கிறாள். வெப்பம் தடுக்கும் விரிப்பு பிரிக்கப்படாமல் அக்கா வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. மதியத்தில் அந்த அடுக்களையில் நிற்க முடியாது என்பதால், அக்கா விடிவதற்கு முன்பே எழுந்து சமைத்து முடித்துவிடுகிறார்.