ம்... அப்புறம்?

இதில் ஒரு சொல்கூட நான் சேர்த்ததில்லை. சேர்க்க முடியுமென்றால் முடிவை மாற்றியிருப்பேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் நடந்தது எனக்கு. தேதி, நேரம் எல்லாம் அப்படியே நினைவிருக்கிறது.

நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். என் நண்பன் எலெக்ட்ரீஷியன். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. ஆள் ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பான். அதனால் வீட்டிலும் வெளியிலும் அவன் பெயர் நெட்டை. அவன் மனைவிக்கு நான் அண்ணன். எனக்கு அவள் தங்கச்சி.

அப்போது மூன்று மாதமாக எங்கள் ஊரில் நிலம் அடிக்கடி லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. முதல் தடவை தெருவே வெளியில் வந்து நின்றது. பத்தாவது தடவை யாரும் நாற்காலியை விட்டுக்கூட எழவில்லை. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். எங்களுக்குப் பயம் புளித்துவிட்டது. நெட்டை அதற்குத் தரவரிசையே வைத்திருந்தான். கரண்டி கலகலத்தால் கரண்டி நடுக்கம். டம்ளர் நகர்ந்தால் டம்ளர் நடுக்கம். அவன் மாமியார் பேச்சை நிறுத்தினால்தான் நிஜமான பூகம்பம். நடுக்கம் நின்ற மறு நிமிடம் எனக்கு போன் வரும். எனக்குக் கரண்டி, உனக்கு எது என்று கேட்பான். ஐந்து நிமிடம் சிரித்துவிட்டு வைப்போம்.

அந்த வாரம் ஒரு சண்டைக் காமெடிப் படம் வந்திருந்தது. டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் ஒருவர், அன்றுதான் முதல் பாடம் கற்கிற ஒரு அம்மாவை ஓட்டவிட்டு, கொள்ளைக்காரர்களைத் துரத்துகிற கதை. நெட்டை எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருந்தான். அலுப்பாக இருக்கிறது என்று கடைசி நேரத்தில் நான் கழன்றுகொண்டேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. தனியாகப் பார்த்துவிட்டு வந்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதை சொன்னான். புதன்கிழமையோடு இடைவேளை வரை முடிந்திருந்தது.

வியாழக்கிழமை. மாலை 5.52.

டம்ளர் நடுக்கம். மைக்ரோஸ்கோப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். விளக்கு ஒரு தடவை சிமிட்டியது. அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே போனைப் பார்த்தேன்.

போன் வரவில்லை.

எனக்கும் வேலை கழுத்தை நெரித்தது. ஒரு குழந்தையின் ரத்தம். ஆஸ்பத்திரியில் முடிவுக்காகக் காத்திருந்தார்கள். செல்களை எண்ணும்போது கண்ணை எடுத்தால் கணக்கு விட்டுப்போகும். மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்.

6.05. "உனக்கு எதுடா?" என்று பின்னால் குரல்.

லேசாகத் திரும்பினேன். ரத்தம் எடுக்கிற நாற்காலியில் நெட்டை உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க சிமென்ட் தூசி. வேலையிடத்திலிருந்து நேராக வந்திருப்பான் என்று நினைத்தேன். எங்கள் கதவு திறந்தால் தெருமுனை வரை கிறீச்சென்று கேட்கும். அன்றைக்கு எனக்குக் கேட்கவில்லை.

எனக்கு டம்ளர் என்றேன். தனக்கு டம்ளர் இல்லை என்றான். வேறு எது என்று சொல்லவில்லை. தண்ணீர் கேட்டான். ஊற்றி அவன் பக்கத்தில் வைத்துவிட்டு எண்ணப் போய்விட்டேன்.

அவன் இடைவேளையிலிருந்து ஆரம்பித்தான். அந்த அம்மா சிக்னலில் வண்டியை அணைத்துவிடுகிறாள். கொள்ளைக்காரனே இறங்கிவந்து தள்ளிவிடுகிறான். கண் லென்ஸில், விரல் எண்ணும் கருவியில், வாயில் மட்டும் "ம்... அப்புறம்?" என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ரெண்டு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன்.

6.20.

"இங்க லைட் எரியுதாடா?"

தலைக்கு மேல் இரண்டு டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தன. எரியுதே என்றேன். அவன் கதையைத் தொடர்ந்தான்.

6.31. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. சளி பிடித்திருக்கும் என்று நினைத்தேன்.

"கால் மரத்துப்போச்சுடா."

"நீட்டி உக்காரு."

"நீட்ட இடமில்ல..."

நாற்காலிக்கு முன்னால் ஆறடி வெறுந்தரை.

ஆனாலும் திரும்பவில்லை. எண்ணிக்கை முக்கால்வாசி தாண்டியிருந்தது.

6.40.

"கேக்கறியா?"

"கேக்கறேன். அப்புறம்?"

"கேட்டுக்கிட்டே இருடா..."

எங்கோ மண் சரிகிற சத்தம். சர்ர்ர்... மிக மெல்ல.

6.47.

"கடைசி சீன் சொல்லவா... நீயே பாத்துக்கறியா?"

"நானே பாத்துக்கறேன். நீ கிளம்பு. தங்கச்சி காத்திருக்கும்."

"கிளம்பட்டுமா?"

"கிளம்புடா."

எண்ணி முடித்தேன்.

திரும்பினேன்.

நாற்காலி காலி.

டம்ளரில் தண்ணீர் விளிம்பு வரை அப்படியே இருந்தது. அதன்மேல் சிமென்ட் தூசி படிந்திருந்தது. தரை ஆடவில்லை. மேஜை ஆடவில்லை.

தண்ணீர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது...

6.58. போன். தங்கச்சி.

நெட்டை ஒயரிங் வேலைக்குப் போயிருந்த பழைய கிடங்கு, அந்த 5.52 நடுக்கத்தில் உட்கார்ந்துவிட்டதாம். அவன் அடித்தளத்தில் இருந்தானாம். அவள் கிடங்கு வாசலிலிருந்து பேசினாள்.

"இங்கதாம்மா இருந்தான். இப்பத்தான் கிளம்பிப் போனான்."

"நிஜமாவா அண்ணா... உங்க வாய்க்குச் சக்கரைதான் போடணும்."

அங்கே நின்ற எல்லோரிடமும், அவர் வெளியில்தான் இருக்கிறார் என்று அவள் அழுதுகொண்டே சொன்னது போனிலேயே எனக்குக் கேட்டது. நல்லவேளை, தீயணைப்புக்காரர்கள் தோண்டுவதை நிறுத்தவில்லை.

8.10க்கு அவனை வெளியே எடுத்தார்கள். இடுப்புக்குக் கீழே உத்தரம் விழுந்திருந்தது. உயிர் இல்லை. உடம்பில் இன்னும் சூடு இருந்தது. நான் அவன் தலையிலிருந்த தூசியைத் தட்டினேன். தட்டத் தட்டப் போகவில்லை.

தங்கச்சி என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தன்னைத் தேற்றத்தான் அண்ணன் வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லியிருக்கிறார் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். நானும் விட்டுவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, அன்று தோண்டிய தீயணைப்புக்காரர் ஒருவர் அவள் வீட்டுக்கு வந்தார். இடிபாட்டில் கிடைத்த அவன் கருவிப் பையைக் கொடுக்க வந்தவர். நானும் அங்கே இருந்தேன். அவனோடு உள்ளே போனது யார் என்று கேட்டார்.

யாருமில்லை, அன்றைக்கு அவருக்குத் தனி வேலைதான் என்றாள் தங்கச்சி.

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். ஆறு மணிக்கெல்லாம் ஒரு குழாய் வழியாக மைக்கை இறக்கிக் கேட்டார்களாம்.

"ரெண்டு குரல் கேட்டுச்சும்மா. ஒருத்தர் ஏதோ சினிமாக் கதை சொல்லிட்டிருந்தார். இன்னொருத்தர் அப்பப்ப சிரிச்சார். கடைசியா அவர் 'கிளம்புடா'ன்னார். மணி ஆறு நாப்பத்தேழு, எழுதி வச்சிருக்கேன். அதுக்கப்புறம் ரெண்டு குரலும் இல்ல."

அந்த இரண்டாவது ஆளைத் தேடி மறுநாள் மதியம் வரை தோண்டினார்களாம். கடைசிக் கல்லையும் புரட்டிவிட்டார்களாம். யாரும் கிடைக்கவில்லை.

அவர் போன பிறகு தங்கச்சி கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அவ்வளவு நேரம் கூட இருந்தவர், ஏண்ணா அவரைக் கிளம்பச் சொன்னாரு? இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கிட்டு இருந்திருக்கலாமே."