பயிற்சியாளர் மீது சந்தேகம் விழுந்த ஞாயிறு

அது ஞாயிற்றுக்கிழமைதான். என் மனைவி சனி என்று சொல்வாள். மறுநாள் பௌர்ணமிப் போயா விடுமுறை, பள்ளிக்கூடம் இல்லை, அதனால்தான் நாங்கள் எல்கடுவைக்குப் பஸ் ஏறினோம். அந்தப் போயா திங்களில் வந்தது. ஆகவே முந்தைய மாலை ஞாயிறு. இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டில் ஒரு துப்பறியும் தொடர் ஓடும். தமிழில் குரல் கொடுத்த வெளிநாட்டுத் தொடர். எப்போதும் தடிமன் பிடித்திருக்கும் ஒரு பெண் துப்பறிவாளர், மூக்கைத் துடைத்துக்கொண்டே கொலைகாரர்களைப் பிடிப்பார். மாத்தளையில் அதைப் பார்க்காதவர்கள் குறைவு என்றே நினைக்கிறேன். அடுத்த வீட்டு அம்மா தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் கணவருக்கு நகரத்தில் சரக்குக்கடை. தம் வீட்டில் அந்த நேரம் கிரிக்கெட் மட்டும்தான் ஓடும் என்பது அவருடைய குறை.

அன்றைய கதையில் கொலையானவள் ஓட்டக்காரி. விளையாட்டரங்கில், நீளம் பாய்தலுக்கான மணற்குழியில் அவள் உடல் கிடக்கிறது. சந்தேகம் மூன்று பேர் மீது: போட்டிக்காரி ஒருத்தி, கழகத்து மருத்துவர், பிறகு அவளுடைய பயிற்சியாளர்.

என் மனைவி விளையாட்டு ஆசிரியை. கொலையானவள் உயிரோடு ஓடுவதைப் பழைய காட்சியாகக் காட்டியபோது அவள் சிரித்துவிட்டாள்.

"இது ஓட்டக்காரியே இல்ல. தோளப் பாருங்க, காதுக்கிட்ட நிக்குது."

"அத விடுங்க டீச்சர்," என்றார் அடுத்த வீட்டு அம்மா. "கோச்தான் செஞ்சீக்கான். அவன்ட கண்ணப் பாத்தாலே தெரியுது."

"கோச் எதுக்குக் கொல்லணும்? அவ ஜெயிச்சாத்தானே அவருக்குப் பேரு?"

"நீங்களும் கோச்சுதானே, அப்பிடித்தான் சொல்லுவீங்க."

வேறொரு நாளாக இருந்தால் என் மனைவியும் சேர்ந்து சிரித்திருப்பாள். அன்று சிரிக்கவில்லை. மறுநாள் நாங்கள் போகவிருந்தது அவளுடைய மாணவி ஒருத்தியின் வீட்டுக்கு. எல்கடுவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், இருக்கும் பெண். எண்ணூறு மீற்றர் ஓடுபவள். மாகாணப் போட்டிக்குத் தெரிவாகியிருந்தாள். போட்டி நுவரெலியாவில், இரவு தங்க வேண்டும். தகப்பன் அதுவரை சம்மதிக்கவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருந்தார். அந்த வீட்டிலும் இந்தத் தொடரைத்தான் பார்ப்பார்கள் என்பது என் மனைவிக்குத் தெரியும். கூரையில் டிஷ் இருப்பதை முதல் தடவை போனபோதே பார்த்திருந்தாள்.

துப்பறிவாளர் எல்லோரையும் மைதானத்துக்கு அழைத்தார். தும்மினார். "அவளைக் கொன்றவர்..." என்று தொடங்கினார். அந்த இடத்தில் மின்னல் வெட்டி, தெருவே இருண்டது.

அடுத்த வீட்டு அம்மா இரத்தோட்டையிலுள்ள தங்கைக்குப் போன் செய்தார். அங்கேயும் கரண்ட் இல்லை.

"கோச்சா இருந்தா நாளைக்கு நாம போறதே வீண்," என்றாள் என் மனைவி.

"கதைதானே," என்றேன்.

"உங்களுக்குக் கதை. பொம்பளப் புள்ளய வெளியூருக்கு அனுப்பப் போறவருக்கு அது கதையா?"

விடிந்தும் கரண்ட் வரவில்லை. பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்காராமல், கண்டக்டருக்குக் கிட்ட உள்ள இருக்கையைப் பிடித்தாள். ஊரை விடும் முன்பே கேட்டுவிட்டாள்.

"தம்பி, நேத்து நாடகம் பாத்தீங்களா? யாரு கொன்னது?"

"ஐயோ டீச்சர், நேத்து கடைசி ட்ரிப்ல இருந்தேன்."

பின்னாலிருந்து ஒரு பெண் "எனக்குத் தெரியும்" என்றாள். உடனே இன்னொருவர், "சொல்லாதீங்க தங்கச்சி, நான் வெள்ளிக்கெழம மறுபடி போடுறப்போ பாக்கணும்" என்றார். பஸ்ஸில் பாதிப் பேர் அவர் பக்கம். காதில் மட்டும் சொல்லும்படி என் மனைவி கேட்டிருக்கலாம்; ஆசிரியையாக இருப்பதால் வெட்கப்பட்டாள் போலிருக்கிறது. அந்தப் பெண் நடுவழியில் இறங்கிப் போனாள். அதன் பிறகு வளைவுக்கு வளைவு என் மனைவி வாய்க்குள் ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பயிற்சியாளர்களின் சார்பில் ஒரு வாதம் தயாராகிக்கொண்டிருந்தது.

லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை தூறியது. தகப்பன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர், குறைவாகப் பேசுவார். கதிரைகளைத் துடைத்துப் போட்டார். தாய் உள்ளே தேத்தண்ணி ஊற்றினாள். பெண் வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். தகப்பனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவர் எப்படித் தொடங்குவார் என்று காத்திருக்க என் மனைவியால் முடியவில்லை.

"நேத்து நாடகம் பாத்தீங்களா?"

"பாத்தோம் டீச்சர்."

"எங்களுக்குக் கடைசில கரண்ட் போயிருச்சு."

"கோச்தான் கொன்னான்," என்றார் அவர்.

என் மனைவி பஸ்ஸில் தயாரித்த வாதத்தை, "எல்லாக் கோச்சும்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள்.

"நா அதப் பத்தித்தான் யோசிச்சேன் டீச்சர். அந்தப் புள்ளையோட அப்பா அம்மா அந்தக் கதையில எங்க வந்தாங்க? பொணத்த அடையாளங் காட்டத்தான் கூப்புட்டாங்க. அந்தக் கோச்சு அவங்க வீட்டு வாசல மிதிச்சிருக்க மாட்டான். அவங்க யாருன்னே அவனுக்குத் தெரியாது." தரையைப் பார்த்தபடியே பேசினார். "நீங்க இந்த மழையில மலையேறி வர்றீங்க. எங்க வீட்டுக் கோப்பையில தேத்தண்ணி குடிக்கிறீங்க. உங்க வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கீங்க. எம் புள்ளய அனுப்புறேன்."

முதல் வருகையில் என் மனைவி இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்ததாக அந்தத் தாய் என்னிடம் சொன்னாள். லயத்துக்கு வரும் வெளியாட்கள் பலர் வாசலோடு பேசிவிட்டு, தேத்தண்ணியைத் தொடாமலே போய்விடுவதுண்டு. என் மனைவி கேட்டு வாங்கியதற்குக் காரணம் மலையேறிய தாகம்தான். அவளே பிறகு சொன்னாள்.

"ஆனா நானும் வாரேன் டீச்சர்," என்றாள் தாய். "நுவரெலியாக் குளிரப் பத்தி இவளுக்கு என்ன தெரியும்?"

"வாங்க, எனக்கும் பேச்சுத் துணை," என்றாள் என் மனைவி.

பெண் அப்போதுதான் வாய் திறந்தாள். "டீச்சர், நாடகத்துல அந்த அக்கா ஓடுனதப் பாத்தீங்களா? தோளு ரெண்டும் காதுல இருக்கு. அப்பிடி ஓடுனா எப்பிடி ஜெயிக்கிறது?"

தகப்பன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "அதனாலதான் கொன்னுட்டான் போல," என்றார்.

மாலையில் வீடு திரும்பியபோது கரண்ட் வந்திருந்தது. அடுத்த வீட்டு அம்மா வேலியருகில் காத்திருந்தார்.

"தெரிஞ்சதா டீச்சர்?"

"கோச்தான்," என்றாள் என் மனைவி. வாதத்தில் தோற்றுவிட்டு அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறு ஒளிபரப்பு வெள்ளிக்கிழமை வந்தது. அன்று என் மனைவி, பெண், தாய் மூவரும் நுவரெலியாவில், ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பாய் விரித்துத் தங்கியிருந்தார்கள். நான் தனியாக உட்கார்ந்து கடைசிவரை பார்த்தேன். தகப்பன் சொன்னது சரி. பெற்றோர் ஒரே ஒரு காட்சியில் வருகிறார்கள். தாய்க்கு வசனமே இல்லை.

பெண் நான்காவதாக வந்தாள். என் மனைவிக்குத் துப்பறிவாளரைப் போலவே தடிமன் பிடித்தது. அடுத்த ஞாயிறு அந்தத் தாய் போன் செய்து, டீச்சருக்குச் சுகமா என்று கேட்டுவிட்டு, "இன்னிக்கு யாரு சாகப் போறான்னு பாப்போம்" என்று சொல்லிச் சிரித்தாள். வெளியே மழை இல்லை. கரண்ட் கடைசிவரை இருந்தது.