பம்பளிமாஸ் ஜூஸும் கொலஸ்ட்ரால் மாத்திரையும்

தாம்பரத்தில் மெடிக்கல் ஷாப் நடத்திய காலமெல்லாம் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லியே எனக்குத் தொண்டை வற்றியது: "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்ன சாப்பிடுகிறோம் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. கொலஸ்ட்ரால் மாத்திரை அப்போதுதான் எங்கள் பக்கம் நன்றாக விற்கத் தொடங்கியிருந்தது. முடிச்சூர் ரத்தினம் அதை வாங்குகிறவர். நிலத்தையெல்லாம் பிளாட் போட்டு விற்றுவிட்டு, வீட்டுப் பின்னால் ஒரு பம்பளிமாஸ் மரத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார். ஒருநாள் மனைவி தேவகியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கடைப் படி ஏற முடியவில்லை.

"தொடையெல்லாம் அட்ச்சுப் போட்டாப்ல கீது சார். வலி மாத்திரை ஒண்ணு குடு."

"ஒண்ணுக்கு எப்படிப் போகுது?"

"டிகாஷன் கணக்கா போவுது."

 கொலஸ்ட்ரால் மாத்திரை சிலருக்குத் தசையைக் கெடுக்கும். தசை கரைந்தால்தான் ஒண்ணுக்கு இப்படிக் கறுக்கும்; அடுத்தது கிட்னி. வலி மாத்திரை தரமாட்டேன் என்று சொல்லி, ஆட்டோ பிடித்து நானே டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

"மாத்திரையோட வேற என்னம்மா குடுக்கிறீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"ஒண்ணியும் இல்ல சார்," என்றார் தேவகி.

டாக்டர் விடவில்லை. "தண்ணிலதானே முழுங்குறார்?"

"தண்ணி இன்னாத்துக்கு? பம்பளிமாஸ் ஜூஸுதான். புளிப்பு கொழுப்பக் கரைக்குமாமே. டெய்லி ரெண்டு கிளாஸு குடுக்கிறேன்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "வெளிநாட்டுல கிரேப்ஃப்ரூட்னு ஒரு எலுமிச்சை ஜாதிப் பழத்தை இந்த மாத்திரையோட சாப்பிடக் கூடாதுங்கிறாங்கம்மா. இதுவும் அந்த ஜாதிதான். உடம்பு மருந்தைச் செலவழிக்க இது விடாது. ரத்தத்துல மருந்து ஏறிக்கிட்டே போகும்."

ஆஸ்பத்திரியில் சேர்த்து, மாத்திரையை நிறுத்தி, டிரிப்ஸ் ஏற்றினார்கள். ரத்தினம் பிழைத்தார். வராந்தாவில் உட்கார்ந்து, "என் கையாலயே குட்த்தேனே சார்" என்று தேவகி அழுததை நினைத்தால் இன்றும் மனசு பாரமாகிறது.

"பழமும் கெட்டதில்ல, மாத்திரையும் கெட்டதில்லம்மா. ரெண்டும் ஒண்ணு சேரக் கூடாது," என்றேன். தலையாட்டினார்.

சில வாரம் கழித்து, முகம் தெளிந்து, தேவகி தனியாகக் கடைக்கு வந்தார்.

"அவரு நல்லா கீறாரு சார். டாக்டர் வேற மருந்து மாத்திட்டாரு. பழத்த நான் தொடவே வுடறதில்ல. மரம் கொள்ளாத காய்ச்சி வீணாப் போவுதேன்னு பக்கத்து வூட்டு வாத்தியாருக்கு ஒரு பை நெறய குட்த்துட்டேன். பாவம், அவரும் நம்ம பழைய மாத்திரைதான் சாப்புடறாராம்."

மருந்துக்கடைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். அலுப்பாகத்தான் இருக்கும். நான் அன்று சாப்பிடக்கூடப் போகாமல், ஷட்டரை இழுத்துவிட்டு, வாத்தியார் வீட்டுக்கு சைக்கிளை மிதித்தேன்.