வெந்நீர் ஊற்றிய பல்செட்டு

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தது அதிகப்படிதான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் பொறாமையைப் பற்றி எழுதப் போகிறேன். அதை வாயால் சொல்லும் தைரியம் எனக்கு இன்றும் இல்லை.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்கு ஈறு வீங்கி, மேல்வரிசைப் பல் ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கியது. முப்பத்தாறு வயதில் மிச்சத்தையும் பிடுங்கிவிட்டு, செங்கல்பட்டு கடைத்தெருவில் இருந்த பல் டாக்டர் மேலே முழுசாக ஒரு செட் கட்டிக்கொடுத்தார். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும், காலையில் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும் என்று சொன்னார். எந்தத் தண்ணீர் என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகளின் பால் பாட்டிலைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுச் சுத்தம் செய்து பழகியவள் ஆயிற்றே, இதற்கும் அப்படியே செய்தேன். பாத்ரூம் கதவைத் தாழிட்டுக்கொண்டு, தினமும் ஒரு டம்ளர் வெந்நீர். வருஷம் திரும்புவதற்குள் செட் தளர்ந்துவிட்டது. நாக்கால் மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் பேசுவேன். டாக்டரிடம் போய்ச் சொல்லவும் கூச்சம். அதனால் பேச்சையே குறைத்துக்கொண்டேன். ஒன்பது வயது மகளிடமும்தான்.

என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனாரின் மனைவி, கோயமுத்தூர்க்காரி. சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். அவள் சிரித்தால் முன்பல் அத்தனையும் தெரியும். வரிசையாக, வெள்ளையாக இருக்கும். என் பல் ஆடத் தொடங்கிய நாளிலிருந்தே, அந்தப் பல்லைப் பார்க்கும்போதெல்லாம் என் வயிறு எரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் இரண்டு பையன்களையும் அழைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் உள்ள பாறைக் குன்றுகளில் ஏறுவது அவள் வழக்கம். கோயிலுக்கு இல்லை, சும்மா ஏறத்தான். என் மகளும் சனிக்கிழமை சாயங்காலமே அங்கே போய்விடுவாள். ஞாயிறு இரவு வந்து, சித்தி அது சொன்னாங்க, சித்தி இது காட்டினாங்க என்று தூங்கும்வரை பேசுவாள். எனக்குத் தெரியாத செடிப் பெயரெல்லாம் சொல்லுவாள். நான் உம் கொட்டிக்கொண்டு துணி மடிப்பேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருஷம், முழுப்பரீட்சை முடிந்ததும், லீவு ஒன்றரை மாசமும் சித்தி வீட்டிலேயே இருக்கிறேன் என்றாள் மகள். நான் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். என் கணவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வச்சிகினு கீற? அனுப்ப இஷ்டம் இல்லன்னா ஞாயித்துக்கெழம நீயும் கூடப் போயி அவ கைல நேரா சொல்லு. நடுவுல என்ன உடாத."

போனேன். முடியாது என்று சொல்வதற்கு மூன்று காரணம் தயார் செய்து வைத்திருந்தேன்.

குன்றில் ஏறுவதற்கு அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். எல்லோரிலும் மெதுவாக நடக்கிறவர் முன்னால் போக வேண்டும். யாரும் அவரைத் தாண்டக் கூடாது. வழக்கமாக அவளுடைய சின்னப் பையன்தான் முன்னால் போவான். அன்று அவன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "பெரிம்மா முன்னாடி போகட்டும்மா, நான் அவங்கள விட வேகமா நடப்பேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், என் மகளும். நான் முன்னால் நடந்தேன். முதுகுக்குப் பின்னால் அவர்கள் பேச்சும் சிரிப்பும் வந்துகொண்டே இருந்தன.

பாதி ஏறியதும் ஒரு பெரிய பாறை நிழலில் உட்கார்ந்தோம். அவள் எல்லோருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாளே என்று வாங்கிக் கடித்தேன். ஒரு கடலைத் துண்டு செட்டுக்கு உள்ளே புகுந்து ஈறில் குத்தியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பாறைக்குப் பின்பக்கம் போய், முந்தானையால் வாயை மறைத்து, செட்டைக் கழற்றினேன்.

"ம்மா, கல்லு மேல புடிக்காத."

மகள் நின்றுகொண்டிருந்தாள். நான் கையை மூடிக்கொண்டேன். அவள் பக்கத்தில் வந்து குந்தி, பாவாடையை இரண்டு கையாலும் விரித்து என் கைக்குக் கீழே ஏந்தினாள்.

"இப்ப கழுவு. வழுக்கினாலும் இதுல உழும், ஒடையாது. வூட்ல கழுவும்போதும் கீழ வாளில தண்ணி வச்சிக்கணும். சுடுதண்ணி ஊத்தக்கூடாதும்மா, வளஞ்சிடும். நீ ஊத்துறல்ல?"

யார் சொன்னது என்று கேட்டேன். பல் இல்லாத வாயால் கேட்டது எனக்கே சரியாக விளங்கவில்லை. அவளுக்கு விளங்கியது.

"சித்திதான். சித்திக்கும் முன்னால நாலு பல்லு கழட்டுற பல்லு. சின்னதுல சைக்கிள்லேந்து உழுந்துட்டாங்களாம். சனிக்கெழம ராத்திரி நான்தான் டப்பால பச்சத் தண்ணி ஊத்தி வைப்பேன்."

ஐந்து வருஷமாக நான் பார்த்துப் பார்த்துப் பொருமிய பல் அதுதான். ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அவள் தன் பல்லை என் மகளின் கையில் கொடுத்திருக்கிறாள். நான் கதவைத் தாழிட்டுக்கொண்டிருந்தேன். முன்பு பல்லுக்காக மட்டும் எரிந்த வயிறு இப்போது இதற்காக எரிந்தது.

எனக்குப் பல்செட் இருப்பது எப்போதிலிருந்து தெரியும் என்று மகளைக் கேட்டேன். ரொம்ப நாளாகத் தெரியும் என்றாள்.

"ஒனக்கு சொல்ல புடிக்கலன்னு தெரியும். அதான் கேக்கல."

செட்டைக் கழுவி மாட்டிக்கொண்டேன். அவள் ஈரப் பாவாடையை உதறிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தாள்.

உச்சியில் காற்று நன்றாக இருந்தது. ஓரகத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, லீவுக்குப் பாப்பாவ அனுப்புறீங்களா? உங்களுக்கு மனசில்லீன்னா வேண்டாங்க" என்றாள். மகள் தள்ளி நின்று பையன்களோடு கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஆனால் காது எங்கள் பக்கம்தான் இருந்தது.

மூன்று காரணமும் எனக்கு ஞாபகம் இருந்தது. அவளுடைய பல்லைப் பார்த்தேன். உற்றுப் பார்த்தும் எது நிஜம், எது கட்டியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"கூட்டிகினு போ" என்றேன்.

பெருந்தன்மையால் சொன்னதாக யாரும் நினைக்க வேண்டாம். முடியாது என்று சொல்லியிருந்தால், என் மகள் அதையும் ஏன் என்று கேட்காமலே இருந்திருப்பாள். அது எனக்குத் தாங்காது என்று தோன்றியது. இறங்கும்போதும் நான்தான் முன்னால் நடந்தேன்.

மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸில் என் கணவர் மகளை டவுன்ஷிப்பில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். மதியத்துக்குக் கீரை கடைந்தேன்.