ஒரே ஒரு முறுக்கு

அவர் மலேசியாவின் மூவார் நகரில் நாற்காலித் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். அவர் தாடைக்குள் இருந்த கட்டியைப் பல் மருத்துவனான நான்தான் சுரண்டி எடுத்தேன். அந்த வகைக் கட்டியின் செல்கள் துளி மிஞ்சினாலும் மறுபடி பெருகி எலும்பை அரிக்கும். வருடந்தோறும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். அவசரத்தில் அதைச் சொல்லாமல், புண் ஆறும்வரை என்றும் சொல்லாமல், "வலது பக்கம் மெல்லாதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஐந்து வருடம் கழித்து வீங்கிய கன்னத்தோடு வந்தார். தண்ணீர் கொடுத்தேன், தலையை இடப்பக்கம் சாய்த்தே குடித்தார். எக்ஸ்ரேயில் வலது தாடை எலும்பு பாதி அரித்துப்போயிருந்தது.

"மன்னிச்சிருங்க டாக்டர். இத்தன வருஷமும் இடது பக்கமாதான் சாப்பிட்டேன். தீபாவளிக்கு ஒரே ஒரு முறுக்கு, மறந்துபோய் அந்தப் பக்கம் மென்னுட்டேன் லா. என் தப்புதான்."

முறுக்கால் கட்டி வராது என்று நான் சொல்லியிருக்கலாம்.

"பரவால்ல, இனிமே பாத்துச் சாப்பிடுங்க" என்று அவரை மன்னித்தேன்.