காலேஜ் கிளப்பில் போட்ட இலை

ஜெர்மன் சண்டை தொடங்கிய வருஷம், ஐப்பசி மாதம், பாளையங்கோட்டையில் நடந்தது இது. நான் சொல்லச் சொல்ல என் மகன் எழுதுகிறான். அன்றைக்கு என் மடியில் கிடந்த கைக்குழந்தை இவன்தான்.

எங்களுக்குச் சீவலப்பேரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். கொஞ்சம் நெல்வயல் உண்டு. உழவுக்குப் போன இடத்தில், புதிதாக வாங்கிய காளை மிரண்டு என் வீட்டுக்காரரைத் தொடையில் குத்திவிட்டது. பச்சிலை வைத்துக் கட்டினோம். ஆறவில்லை. புண் சீழ் கட்டி, கால் வீங்கி, அவர் காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்துவிட்டார். என் கொழுந்தனார் வண்டி பூட்டி எங்களை ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார். டாக்டர், முதலில் கீறிச் சுத்தம் செய்து பார்க்கலாம், அதற்கும் அடங்காவிட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்றார். கொழுந்தனார், ஊரிலிருந்து என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு, சாப்பாடும் கட்டி வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பினார். அவர் போன பிறகு பிடித்த மழை விடவே இல்லை. வழியில் ஓடை பெருகி வண்டி தாண்ட முடியாமல் கிடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

கட்டிக் கொண்டுபோன சோறு முதல் நாளோடு தீர்ந்தது. ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு மட்டும்தான் கஞ்சி. அதை அவருக்கே கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். மறுநாள் காலையில் அவரை உள்ளே கொண்டுபோய்க் கீறினார்கள். வெளியே கொண்டுவந்து போட்டபோது அவர் கண் திறக்கவில்லை. அந்தக் கவலையும் பட்டினியும் சேர்ந்து எனக்குப் பால் சுத்தமாக இறங்கவில்லை. பிள்ளை கத்திக் கத்தி, பிறகு கத்தவும் தெம்பில்லாமல் முனகினான். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. இரண்டு பேரையும் சேர்த்துப் பறிகொடுத்துவிடுவேனோ என்று நினைத்தேன்.

வார்டு கூட்டுகிற ஆயா ஒருத்தி என்னிடம் வந்தாள்.

“நீ தின்னாத்தான தாயி அதுக்குப் பாலு? அந்தா தெரியுதுல்லா காலேஜ் கிளப்பு, அங்கன வெளியாளுக்கும் சோறு போடுதாவ. போயிட்டு வா. உன் வீட்டுக்காரர நான் பாத்துக்கிடுதேன்.”

காலேஜ் வளாகத்துக்குள் மாணவர்களுக்காக வைத்த சாப்பாட்டுக் கூடம் அது. வெளியாட்களும் போய்ச் சாப்பிடலாம் என்று வாசலில் பலகை தொங்கும். ஆனால் பெண்கள் யாரும் அங்கே போய் நான் கேள்விப்பட்டதில்லை. அந்தக் காலத்தில் பொம்பளை காசு கொடுத்து வெளியில் சாப்பிடுவது என்பதே கிடையாது. அதிலும் ஆண்பிள்ளைகள் பந்தியில்! எங்கள் ஊருக்குத் தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்று நினைக்கவே கூசியது. இடுப்பில் முடிந்திருந்த சில்லறையோடு, முந்தானையால் பிள்ளையை மூடிக்கொண்டு மழையில் நடந்தேன்.

கிளப்பை நடத்துகிற அண்ணாச்சி வாசலிலேயே என்னைப் பார்த்துவிட்டார். யாருக்குச் சோறு, பாத்திரம் கொண்டுவந்தாயா என்று கேட்டார். எனக்குத்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. பிள்ளையைக் காட்டினேன். அவர் சங்கடத்தோடு நெளிந்தார். உள்ளே இலை போட்டாயிற்று, எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு பார்க்கலாம், அதுவரை அங்கே ஓரமாக நில்லம்மா என்றார். எதிரெதிராக இரண்டு வரிசை. காலேஜ் பிள்ளைகள்தான் அதிகம். நடுவில் வெளியாள் சிலர். இலையில் தண்ணீர் தெளித்துவிட்டு, சோறு வருவதற்காகக் காத்திருந்தார்கள். சாம்பார் வாசம் வந்ததும் எனக்குத் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் என்னைப் பார்த்தார். மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. அவர் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, அந்த அம்மாவுக்கு இப்போதே இலை போடச் சொன்னார். எதிரே இருந்த பெரியவர் ஒருவர், பார்த்தால் கோர்ட்டு வேலையாக வந்தவர் போல இருந்தார், முகத்தைச் சுளித்தார்.

“பொம்பளைய பந்தியில வச்சா நாலு பேரு என்ன சொல்லுவான்? நல்லாவா இருக்கு?”

“வெளியாளுக்கும் சோறுன்னு பலகையில போட்டிருக்கு, ஐயா. ஆம்பளைக்கு மட்டும்னு போடலயே” என்றார் அந்த மாணவர். குரலை உயர்த்தவில்லை. “அவங்களுக்குக் கூச்சமா இருக்கும். நாங்க அந்தப் பக்கமாத் திரும்பிக்கிடுதோம்.”

சொல்லிவிட்டு எழுந்து, தன் இலையை எடுத்துச் சுவரோரமாகப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவரும் எழுந்தார். பிறகு அடுத்தவர். கொஞ்ச நேரத்தில் இரண்டு வரிசையும் எனக்கு முதுகு காட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டன. அந்தப் பெரியவர் மட்டும் சற்று நேரம் அப்படியே இருந்தார். எழுந்து வெளியேதான் போகப்போகிறார் என்று நினைத்தேன். அவரும் தன் இலையைத் தூக்கிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தார்.

மூலையில் எனக்கு இலை விழுந்தது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு முதல் கவளத்தை எடுத்தேன். பரிமாறுகிறவர் ரசத்தோடு என் பக்கம் வந்தபோது, அந்தப் பெரியவரின் குரல் கேட்டது. தலையைத் திருப்பாமல், சுவரைப் பார்த்தபடியே பரிமாறுகிறவரிடம் சொன்னார்.

“பால் கொடுக்குத பொண்ணுலே. குழம்புல பூண்டு கெடந்தா அரிச்சு வையி, பால் ஊறும். பைய சாப்பிடச் சொல்லு.”

வயிறு நிறையச் சாப்பிட்டேன். யாரும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கைகழுவிவிட்டு வாசலைத் தாண்டுகிற வரைக்கும் ஒருவரும் எழுந்திருக்கவும் இல்லை. அன்று சாயங்காலம் பிள்ளை வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கினான். விளக்கு வைக்கிற நேரத்தில் என் வீட்டுக்காரரும் கண் திறந்து தண்ணீர் கேட்டார். ஓடை வடிந்து கொழுந்தனார் வந்து சேர்ந்தபோது காய்ச்சல் இறங்கியிருந்தது. காலை எடுக்கவில்லை. சாகிற வரைக்கும் விந்தி விந்தி நடந்தார், ஆனாலும் நடந்தார். கிளப்பில் சாப்பிட்டதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். “நல்ல காரியம் செஞ்சே” என்றார்.

அன்று அங்கே இருந்தவர்களில் யார் பேரும் எனக்குத் தெரியாது; தலைகுனிந்து நின்றதில் முகமும் மனதில் பதியவில்லை, வழியில் எதிரே வந்திருந்தாலும் அடையாளம் கண்டிருக்க மாட்டேன். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது வெறுப்புத்தான் என்று அதுவரை எண்ணியிருந்த எனக்கு, அப்படித் திரும்பி உட்கார்ந்தும் ஒரு பெண்ணின் மானத்தையும் பசியையும் சேர்த்துக் காப்பாற்ற முடியும் என்று தெரிந்தது அன்றைக்குத்தான்.