திரும்பிய நேரம்

இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். பேய்க் கதை சொல்கிறவர்களைக் கண்டால் நானும் அப்படித்தான் சிரிப்பேன். ஆனால் இது நடந்தது. போன கார்த்திகையில், பழுகாமம் பக்கம் வாவிக்கரையில் இருக்கும் ஒரு மீனவர் சங்கத்தில், எனக்கே நடந்தது.

பழைய டேட்டாபேஸ்களைப் புதிய வேர்ஷனுக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழில். பழையது என்றாலே பாதி குப்பைதான். இந்தச் சங்கத்தினுடையது முழுக் குப்பை. எந்த மகானுபாவன் எழுதினானோ தெரியாது. தோணி இலக்கம், ஆட்கள், போன நேரம், திரும்பிய நேரம். இந்த நாலு கட்டத்துக்காக இருபது வருடமாக ஒரு கொம்பியூட்டரைக் கட்டி அழுதிருக்கிறார்கள்.

புதியதில் ஒரு விதி போட்டேன். திரும்பிய நேரம் காலியாக இருந்தால் பதிவு ஏறாது. எல்லாம் ஏறியது, ஒன்றைத் தவிர. தோணி நாற்பத்தொன்று, இளையதம்பி. பதினெட்டு வருடத்துக்கு முன் மழைக்குள் போனவர். திரும்பிய நேரம்... காலி.

அலுவலகத்தில் என்னோடு இருந்தது கிளார்க் நிருஷா மட்டும்தான். திரையைப் பார்த்ததும் எழும்பி வந்தாள்.

"சேர், அது எங்கட அப்பா. அதில கை வைக்காதீங்க."

"செத்த ஆளுக்கு என்ன தங்கச்சி கட்டம்?"

"உடம்பு கிடைக்கல்ல சேர். சங்கத்தில இன்னும் வரல்ல எண்டுதானே கிடக்கு எண்டு சொல்லித்தான் அம்மா பொட்டோட இருக்கிறா. எனக்கு அவ மட்டுந்தான்."

ஒரு காலிக் கட்டத்தை நம்பிப் பொட்டு வைக்கிற மனுசி! எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவும் இல்லை. பாவம், அந்த நிலையிலும் எனக்குப் பிளேன்டீ வாங்கக் கடைக்குப் போனாள் நிருஷா.

அவள் படி இறங்கியதும் கட்டத்தை நிரப்பினேன். அந்த நிமிடத்தின் திகதியும் நேரமும். பின்னேரம் 5.40. பதிவு ஏறியது. இவ்வளவுதான் விஷயம், இதற்குப் போய் இத்தனை பயம்.

சளக்...

பின்பக்கம் வாவி. யாரோ தோணியைக் கம்பு ஊன்றித் தள்ளும் சத்தம். மழை என்று அன்று ஒரு தோணியும் இறங்கவில்லை. எல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்ததை வரும்போதே பார்த்திருந்தேன்.

சளக்... சளக்...

பிறகு சுவரில் கம்பைச் சாத்தி வைக்கும் சத்தம். டொக்.

எந்தக் குடிகாரனோ என்று எழும்பிப் போனேன். வாசலில் யாரும் இல்லை.

ஈரக் காலடிகள் இருந்தன. வாவிப் பக்கமிருந்து வந்து, என் வாசலைத் தாண்டி, ஊருக்குள் போயின. என்னிடம் வரவில்லை.

நிருஷா தேநீரோடு வந்தாள். அவளுடைய போன் அடித்தது. தாய் கண்ணகையின் குரல் எனக்கே கேட்டது.

"மகள், அப்பா வந்திட்டாரு. நனஞ்சுபோய் நிக்கிறாரு. சோறு போடப் போறன்."

நிருஷா திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு ஓடினாள்.

நானும் ஓடினேன்.

வீடு திறந்து கிடந்தது.

இரண்டு தட்டு. இரண்டிலும் சாப்பிட்ட மிச்சம்.

கண்ணகை இல்லை.

மணலில் இரண்டு சோடிக் காலடிகள்... தண்ணீருக்குள் போயின.

நாலு நாள் வாவியில் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை.

அடுத்த கிழமை நிருஷா என்னைக் கூப்பிட்டாள். ஏசவில்லை. திரையைத் திருப்பிக் காட்டினாள். புதுப் பதிவு ஒன்று. தோணி நாற்பத்தொன்று. ஆட்கள் இரண்டு. போன நேரம், கண்ணகை காணாமல் போன அன்று பின்னேரம் 6.25. திரும்பிய நேரம் காலி.

காலிக் கட்டத்தை ஏற்காத விதியை எழுதியவன் நான். திரும்பத் திரும்பச் சோதித்தேன். விதி அப்படியே இருக்கிறது. இந்த ஒரு பதிவு மட்டும் அதை மதிக்கவில்லை.

"நான் நிரப்பினா ரெண்டு பேரும் வருவாங்கதானே, சேர்?"

பாஸ்வேர்டை மாற்றி, ஒரு துண்டில் எழுதிச் சங்கத் தலைவரிடம் கொடுத்து, ஒருவருக்கும் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பெரிய கெட்டித்தனம் செய்ததாக நினைப்பு.

இன்று காலை தலைவர் போன் எடுத்தார்.

"தம்பி, அந்தப் பாஸ்வேர்ட நிருஷா பிள்ள கேட்டு அழுதிச்சு. பாவமெண்டு நேத்துப் பின்னேரம் குடுத்திட்டன். இண்டைக்குப் பிள்ள வேலைக்கு வரல்ல. வீட்ட போய்ப் பாத்தன். கதவு திறந்து கிடக்கு. மூணு தட்டுல சோறு திண்ட மிச்சம் கிடக்கு."